பெரியாறு அணை நீர்மட்டம் 110 அடியா? நம்ம கணக்குல 6 அடிதான்! தேக்கடி ஏரி சொல்லும் பாடம்

'முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம் உயர்வு' - மழைக்காலம் தொடங்கினாலே மதுரை, தேனி மக்களின் மொபைலில் வந்து விழும் செய்தி இது. 110 அடி, 128 அடி, 136 அடி... இந்த எண்களுக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

ஏரி உருவானது எப்படி?

கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றை மறித்து 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை இது. தண்ணீர் தேங்கியதும் மலை இடுக்குகள் மூழ்கின. அதுதான் தேக்கடி ஏரி. வட்டமாக இல்லாமல், கிளை கிளையாகப் பிரிந்து குறுகலாக நீள்கிறது. மூழ்கிய காட்டின் பட்ட மரங்களைப் படகில் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

ஆழம் ஏன் முக்கியம்?

நார்வேயின் ஹோர்னிண்டால்ஸ்வட்னெட், ஐரோப்பாவிலேயே ஆழமான ஏரி. 514 மீட்டர் ஆழம்! பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கு அது. பரப்பு சுமார் 50 சதுர கி.மீ. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால், தண்ணீர் மேட்டூரைப் போல நாலரை மடங்கு!

மதுரை சமவெளியில் இது நடக்காது. இங்கே தரை தட்டை. கண்மாய்க்கரை போட்டால் தண்ணீர் அகலமாகப் பரவும். ஆழம் சில அடிதான். வெயில் அதை வேகமாகக் குடிச்சிடும். ஆழமாகத் தேக்க மலைதான் சரியான இடம்.

சரி, அந்த 6 அடி கணக்கு?

நீர்மட்டம் அளக்கப்படுவது ஆற்றின் அடிமட்டத்திலிருந்து. ஆனால், தமிழகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வழி இருப்பது 104 அடி உயரத்தில். அதற்குக் கீழே உள்ள சுமார் 5 டிஎம்சி, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் ஏறாது. ஆக, 110 அடி என்றால் நமக்கு 6 அடி மட்டுமே.

142 அடிக்கு ஏன் இவ்வளவு போராட்டம்?

பள்ளத்தாக்கு கீழே குறுகல், மேலே அகலம். அதனால் மேலே போகப் போக ஒவ்வொரு அடியிலும் அதிகத் தண்ணீர் நிற்கும். 104-லிருந்து 136 அடி வரை, 32 அடிக்குச் சுமார் 6.1 டிஎம்சி. அடுத்த 6 அடிக்கே சுமார் 1.5 டிஎம்சி!

அணையின் முழு மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979-ல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளா அணையின் வயதைக் காட்டிக் கவலைப்படுகிறது; தமிழகம் அந்த மேல் அடிகளை விட்டுத்தர முடியாது என்கிறது.

மதுரைக்கு என்ன?

சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்து, வைகை அணைக்குச் சேர்கிறது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம். அதைத் தாண்டி மேலூர் பக்கம் ஒருபோகம். தண்ணீர் குறைந்தால் முதலில் காத்திருக்க வேண்டியது கடைமடை விவசாயிதான். அவருக்கு அந்த மேல் 6 அடி வெறும் எண் இல்லை, ஒரு போக நெல்.

அடுத்த முறை நீர்மட்டச் செய்தி வந்தால், முதல்ல 104-ஐக் கழிச்சுப் பாருங்க. மிச்சம் இருப்பதுதான் நம்ம தண்ணீர்!