ஒளி சேர்க்கும் கருவி

விண்ணிற் காணப்படும் பொருள்கள் பலவாம். ஞாயிறும் திங்களும் யாவர்க்கும் எளிதிற் புலனாவன. கோள்களும் விண்மீன்களும் இருள் வந்தபின் புலனாவன. இவையேயன்றி, கண்ணுக்கு முற்றும் அகப்படாமல் கரந்து நிற்கும் பொருள்களும் உள. அவற்றுள் ஒன்று நெபுலா எனப்படுவது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு மூடுபனி, முகில் என்பன பொருள். விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வளியும் நுண்டுகளும் சேர்ந்த படலமே அஃது. ஆதலின் அதனை விண்முகில் எனத் தமிழிற் கூறுவர்.

தை, மாசித் திங்கள்களின் முன்னிரவில் வானத்தை நோக்குவோர், ஒரே கோட்டில் நெருங்கி நிற்கும் மூன்று விண்மீன்களைக் காண்பர். மேனாட்டார் அவற்றை ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை என்பர். அவற்றிற்கு வடக்கே செந்நிறத்தோடு சுடர்வது, நாம் திருவாதிரை என வழங்கும் மீன். தெற்கே, கச்சையினின்று தொங்கும் உடைவாள் போல மங்கலான மீன்கள் சில வரிசையாக நிற்கும். அவ்வரிசையின் நடுவில் உள்ளதைக் கூர்ந்து நோக்கின், அது புள்ளியாக இராமல் சிறிது கலங்கித் தோன்றும். அதுவே ஓரியன் விண்முகில். அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,340 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் அகலம் ஏறத்தாழ 24 ஒளியாண்டு. பல்லவர் காஞ்சியிலிருந்து ஆட்சி செய்த நாளில் அங்கிருந்து புறப்பட்ட ஒளியே இன்று நம்மை வந்தடைகின்றது. அம்முகிலினுள் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என அறிவியலார் கண்டுள்ளனர்.

தொலைநோக்கி தோன்றியபின் இம்முகிலை ஆராய்ந்தோர் பலர். 1610ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பெய்ரெஸ்க் என்பார் இதனைத் தொலைநோக்கியிற் கண்டார். டச்சு நாட்டு அறிஞர் ஹைகென்ஸ் 1656இல் இதனை நோக்கி, தாம் கண்டதை வரைந்து, 1659இல் தம் நூலில் வெளியிட்டார். பின்வந்தோரும் அவ்வாறே வரைந்தனர். ஆனால் ஒருவர் வரைந்த படம் மற்றொருவர் வரைந்த படத்தோடு ஒத்திலது. முகில்தான் மாறிற்றோ, நோக்கியவர் கண் வேறுபட்டதோ என ஐயம் எழுந்தது. அதனை அறுதியிட்டுக் கூற வழியில்லை.

இதற்குக் காரணம் யாது? கண்ணின் இயல்பே காரணம். கண், தன்னுட் புகும் ஒளியை ஒரு நொடியின் சிறு பகுதியளவே சேர்த்து வைக்கும். பின்னர் வரும் ஒளி புதிதாகவே கொள்ளப்படும். ஆகவே மங்கலான பொருளை ஒரு நாழிகை இமையாது நோக்கினும், அது முதலிற் கண்டதினும் மிக்க ஒளியுடையதாகத் தோன்றாது. அன்றியும், மங்கிய ஒளியில் நிறத்தைப் பகுத்துணரும் ஆற்றல் கண்ணுக்கு இல்லை. விண்முகில் சாம்பல் நிறப் புகைபோலத் தோன்றுவது இதனாலேயாம்.

ஒளிப்படத் தகட்டின் இயல்போ வேறு. அதன்மேல் விழும் ஒளி சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே வரும். 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், அமெரிக்க மருத்துவரும் வானியல் ஆர்வலருமான ஹென்றி டிரேப்பர் என்பார், 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் படம் பிடித்தார். 1883இல் இலண்டனுக்கு அணித்தாகிய ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் என்பார் 36 அங்குல ஆடியுடைய தொலைநோக்கியால் எடுத்த படத்தில், அத்தொலைநோக்கி வழியே கண்ணாற் காணவியலாத விண்மீன்களும் பதிந்தன. கண் காணாததைத் தகடு கண்டது. அன்றுமுதல் ஒரு நாளைய படத்தை மற்றொரு நாளைய படத்தோடு வைத்து ஒப்பிடுதலும் கைகூடிற்று.

அக்காலத்தில் இத்தகைய படம் எடுப்பதற்குப் பெருங்கருவியும், நெடுநாட் பயிற்சியும், மிகுந்த பொருளும் வேண்டியிருந்தன. இக்காலத்திலோ ஸ்மார்ட் தொலைநோக்கி எனப்படும் சிறுகருவி வந்துள்ளது. 2023இல் வெளிவந்த சீஸ்டார் எஸ்50 என்பது அவ்வகையினது. அதன் முகப்பு வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டரே. அதில் கண் வைத்து நோக்கும் துளை இல்லை. தகட்டுக்கு ஈடாக மின்னணு உணரி உள்ளது. அதனை இயக்குவதும் படத்தைக் காண்பதும் கைப்பேசியிலேயாம்.

அது தொழிற்படும் முறையைக் காண்போம். முதலில் அது வானத்தின் ஒரு பகுதியைப் படம் எடுத்து, அதிலுள்ள மீன்களைத் தன்னகத்துள்ள மீன் பட்டியலோடு ஒப்பிட்டு, தான் நோக்கும் திசையை அறிந்துகொள்ளும். பின்னர் நாம் வேண்டிய பொருளை நாடித் திரும்பும். புவி சுழல்வதால் வானம் நகர்வது போலத் தோன்றுமாகலின், கருவியும் அதனைத் தொடர்ந்து திரும்பும். பத்து நொடிக்கு ஒன்றாகப் படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு அடுக்கும். வானூர்தியோ செயற்கைக்கோளோ குறுக்கிட்டு இழுத்த கோடுகளும், பல படங்களை ஒப்பிடுவதால் பெரிதும் நீக்கப்படும்.

இவ்வாறு அடுக்குவதன் பயன் என்னை? சந்தை இரைச்சலுக்கிடையே ஒருவர் மெல்லக் கூறும் சொல்லை ஒருமுறை கேட்டு அறிதல் அரிது. அவர் அதனையே பன்முறை கூறின், சொல் நிலைபெறும். இரைச்சல் மாறிமாறிக் கழியும். அதுபோலவே, விண்முகிலின் ஒளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் விழுகின்றது. உணரியில் எழும் பிழைப்புள்ளிகளோ இடம் மாறி விழுகின்றன. நூறு படங்களைச் சேர்த்தால், ஒரு படத்தினும் பத்து மடங்கு தெளிவு உண்டாகும். தெளிவை மேலும் இரட்டிக்க வேண்டின், நானூறு படங்கள் வேண்டும். பொறுமை எத்துணை வேண்டும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

படத்திற் காணும் செந்நிறம் கண்ணுக்குத் தோன்றாமையின் அது பொய்யோ எனச் சிலர் வினவுவர். பொய்யன்று. முகிலின் நடுவிலுள்ள வெப்பம் மிக்க விண்மீன்களின் புறஊதாக் கதிர் தாக்குவதால், ஹைட்ரஜன் வளி அச்சிவப்பொளியை உமிழ்கின்றது. எனினும், மங்கிய பகுதிகள் புலப்படும்பொருட்டு அவற்றின் ஒளி படத்தில் மிகுத்துக் காட்டப்படுகின்றது என்பதனையும் நாம் மறத்தலாகாது.

சிறுகருவி என இதனை இகழ்தல் வேண்டா. 2004ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க நாட்டுக் கென்டக்கியில் வாழ்ந்த ஜே மக்நீல் என்னும் வானியல் ஆர்வலர், மூன்று அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் பகுதியைப் படம் பிடித்தார். அதில், தாம் அறிந்த படங்களில் இல்லாத ஒளிப்படலம் ஒன்று இருத்தலைக் கண்டார். இளம் விண்மீன் ஒன்று திடீரென ஒளி மிகுந்து, தன்னைச் சூழ்ந்த முகிலை விளக்கியதே அதன் காரணம். பேராய்வுக்கூடங்களும் அதனை நோக்கித் தம் கருவிகளைத் திருப்பின. அஃது இன்று மக்நீல் விண்முகில் எனவே வழங்குகின்றது.

ஒளியைச் சேர்த்தது அவர் கருவி. ஆயினும், முன்னைப் படங்களை அவர் நன்கு அறிந்திராவிடின், அப்புதுமை அப்படத்திலேயே கிடந்து மறைந்திருக்கும். இன்று கருவி தானே திசை அறிகின்றது. தானே பொருளை நாடுகின்றது. தானே படத்தையும் ஆக்குகின்றது. அப்படத்தில் உள்ளது யாது, நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு யாது எனக் காணும் வேலை நம்முடையது. மாணவர்களே! முதலில் வெறுங்கண்ணால் வானத்தை நோக்கித் திருவாதிரையையும் உடைவாளையும் அடையாளம் கண்டு பழகுமின். அப்பழக்கம் உடையார்க்கே கருவி காட்டும் படம் பொருளுடையதாகும்.