ஒற்றைக் கம்பியின் கணக்கு

ஆங்கிலப் புத்தாண்டு ஆண்டுதோறும் மார்கழியின் நடுவில், 16ஆம் நாளிலோ 17ஆம் நாளிலோ வருவதால், தமிழ்நாட்டில் அது கோலத்தோடு சேர்ந்த நாளாகவே ஆகிவிட்டது. செஞ்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மாதப் பிறப்பிலிருந்தே விடியுமுன் வாசல் தெளித்துப் போடப்படும் கோலங்கள், டிசம்பர் 31 இரவில் அளவில் பெருத்து, வண்ணம் ஏறி, பிறக்கும் ஆண்டின் எண்ணையும் ஒரு வாழ்த்தையும் தாங்கித் தெருவின் பாதி அகலத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்த வண்ணக் கோலங்களுக்குப் பக்கத்திலேயே, வெள்ளைமாவு ஒன்றினால் மட்டும், புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் ஒரு கோலத்தை மூத்த பெண்கள் சிலர் இன்னும் போட்டுவருகிறார்கள். சிக்குக் கோலம், கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்று பல பெயர்களால் வழங்கும் அந்தக் கோலத்தின் உள்ளே பலரும் எண்ணிப்பார்க்காத ஒரு கணக்கு இருக்கிறது.

புள்ளி வைப்பதில் இரு முறைகள் உண்டு. புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் அமைந்தால் அது நேர்ப்புள்ளி. மேல்வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட சந்தில் கீழ்வரிசைப் புள்ளி அமைந்தால் அது சந்துப்புள்ளி அல்லது ஊடுபுள்ளி. புள்ளிகளைக் கோட்டால் நேரே இணைத்துப் பூவும் விளக்கும் வரைவது ஒரு வகை. சிக்குக் கோலத்தில் புள்ளியைக் கோடு தொடவே கூடாது. ஒவ்வொரு புள்ளியும் கம்பி எனப்படும் அந்தக் கோட்டால் சூழப்பட வேண்டும், கம்பி எங்கும் அறுந்து நிற்காமல் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும், இரு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டும் திரும்பாமல் நேரே கடந்து போக வேண்டும். செஞ்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மூன்று புள்ளிகளாகவும், அவற்றைக் கோத்து முக்கோணமாகச் சூழ்ந்து நிற்கும் கோட்டை மதிலைக் கம்பியாகவும் கொண்டால், ஊர் முழுவதும் ஒரு பெரிய சிக்குக் கோலத்துக்குள் அமர்ந்திருப்பதுபோலத் தோன்றும்.

மாவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து அறாமல் இழிய வேண்டுமானால் மாவு மிக நைசாக இருக்கக் கூடாது, ஏனெனில் நைசான தூள் காற்றின் ஈரத்தை வாங்கிக் கட்டிபட்டு விட்டுவிட்டு விழும். மணலைப்போல் சற்று நறநறப்பாக இருந்தால்தான் இழை சீராக வரும். பழைய வழக்கம் அரிசி மாவு; எறும்புக்கும் குருவிக்கும் அது உணவாகிவிடுவதால் மாலைக்குள் கோலம் பாதி கரைந்திருக்கும். இன்று படிக்கணக்கில் விற்கப்படுவது பெரும்பாலும் வெண்கல்லைப் பொடித்த மாவு. சாணம் கரைத்துத் தெளிப்பதற்கும் தொழில்முறைக் காரணம் ஒன்று உண்டு: புழுதி அடங்கி, தரை ஈரப்பதத்தோடு கருத்துப் படிந்தால்தான் மாவு ஒட்டி நிற்கும், வெள்ளையும் எடுப்பாகத் தெரியும். மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படும் பரங்கிப்பூவும் அந்தக் கருமண் பரப்பில்தான் உரிய மஞ்சளோடு ஒளிர்கிறது. சிமெண்டுத் தெருவில் அதன் நிறம் பாதி மங்கிவிடுகிறது.

இனி அந்தக் கணக்கு. 3 வரிசையில் 3 புள்ளி வீதம் நேர்ப்புள்ளியாக 9 புள்ளிகளை வைத்து, அடுத்தடுத்த ஒவ்வொரு இரு புள்ளிகளுக்கும் இடையிலும் கம்பிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளுமாறும், ஓரத்துக்கு வந்ததும் வளைந்து உள்ளே திரும்புமாறும் இழுத்தால், வெட்டும் இடங்கள் 12 இருக்கும். பார்வைக்கு ஒரே பின்னலாகத் தெரிந்தாலும் அதில் இருப்பவை மூன்று தனித்தனிக் கம்பிகள்: மூலைக்கு மூலை ஓடி மூன்று புள்ளிகளை அடைக்கும் நீண்ட கம்பிகள் இரண்டு, நடுப்புள்ளியையும் அதன் நான்கு பக்கத்துப் புள்ளிகளையும் வளைக்கும் சாய்சதுரக் கம்பி ஒன்று. இனி ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு புள்ளியைக் கூட்டி 3 வரிசையில் 4 புள்ளி வீதம் வைத்து அதே விதிப்படி இழுத்தால், எந்த இடத்தில் தொடங்கினாலும் கை எடுக்காமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம்; கம்பி ஒன்றே ஒன்று. 4 வரிசையில் 6 புள்ளி வைத்தால் இரண்டு கம்பிகள், 5 வரிசையில் 5 புள்ளி வைத்தால் ஐந்து கம்பிகள். வரிசைகளின் எண்ணிக்கை, ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ அதுவே கம்பிகளின் எண்ணிக்கை. ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி என்று கரும்பலகையில் எழுதிப் போடப்பட்டு, எதற்குப் பயன்படும் என்று சொல்லப்படாமலே கடந்துபோகும் எண் இதுதான். அது நாள்தோறும் பள்ளிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வாசலிலும் வரையப்பட்டுக் கிடக்கிறது.

கைதேர்ந்தவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. 3க்கு 3 என்ற சதுரத்தையும் ஒரே கம்பியில் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் சவால். அதற்கான வழி இது: இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே அவற்றைக் கடக்கவிடாமல், முதுகுக்கு முதுகாக நிற்கும் இரண்டு வில்களைப்போல வளைத்துத் திருப்பிவிட்டால், அந்த இரு கம்பிகளும் இணைந்து ஒன்றாகிவிடுகின்றன. மூன்றாவது கம்பியையும் அவ்வாறே இன்னோர் இடத்தில் இணைத்தால் முழுக் கோலமும் ஒற்றைக் கம்பியாகிவிடும். ஆனால் அதே திருப்பத்தை ஒரு கம்பி தன்னைத் தானே வெட்டும் இடத்தில் செய்தால், திருப்பும் பக்கத்தைப் பொறுத்து அது இரண்டாகப் பிரிந்தும் போகலாம். மேலும் ஒரு பக்கத்தில் மட்டும் திருப்பினால் கோலத்தின் சமச்சீர் குலையும், நான்கு பக்கமும் ஒத்திருக்கத் திருப்பினால் கம்பிகளின் எண்ணிக்கை மீண்டும் மாறலாம். அழகும் வேண்டும், கம்பியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற இந்த இழுபறியைக் காகிதமும் அழிப்பானும் இல்லாமல், விடியாத இருட்டில், பனி விழும் தெருவில் குனிந்து நின்றபடி தீர்ப்பவரை, படிக்காதவர் என்ற ஒரே காரணத்தால் கணக்குத் தெரியாதவர் என்று சொல்வது பெரும் பிழை.

கணினி அறிவியலார் இந்தக் கோலங்களைக் கருத்தூன்றிப் படித்தது இந்த மதிப்பீட்டுக்குத் துணைநிற்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமனி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமனி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களையும் அணி இலக்கணத்தையும் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். சொற்களை வாக்கியமாக அடுக்குவதற்கு விதிகள் இருப்பதுபோல, வரிசையாகவும் நிரலாகவும் அமைந்த குறிகளைச் சிறிய படத்திலிருந்து பெரிய படமாக வளர்ப்பதற்கான விதித்தொகுப்பே அணி இலக்கணம் எனப்படுவது. பெரிய கோலத்தைப் போடுபவர் அதை முழுப் படமாக மனத்தில் சுமப்பதைவிட, ஒரு சிறு கோலத்தையும் அதை வளர்க்கும் விதியையும் நினைவில் வைத்திருப்பதே இயல்பு என்பதால், இவ்வகை இலக்கணம் கோலத்துக்குச் செவ்வனே பொருந்தியது. அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 2002இல் கோல மரபைப் பற்றி எழுதிய கட்டுரை, இந்த ஆய்வுகளை உலகின் பொது வாசகர்களிடமும் கொண்டுசேர்த்தது.

அத்தனை சிறப்புக்குரிய கலை சொந்த ஊரில் அடைந்திருக்கும் நிலை வருத்தத்துக்குரியது. வாசற்படியில் ஒட்டப்படும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரும், டைல்ஸ் மீது ஒருமுறை தீட்டிவிடும் பெயிண்ட் கோலமும், துளையிட்ட தகட்டின்மேல் மாவைக் கொட்டி எடுக்கும் அச்சும் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன என்பது உண்மைதான். வேலைக்குப் போகும் பெண்ணின் காலைப் பொழுதில் அந்த மிச்சத்துக்கு மதிப்பு உண்டு என்பதையும் மறுக்க முடியாது, கோலம் பெண்ணுக்கு மட்டுமே விதிக்கப்பட்ட கடமை என்ற எண்ணம் விலகி ஆண்பிள்ளைகளும் மாவைக் கையில் எடுத்தால் அந்தச் சுமை பாதியாகக் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறை சொல்ல வேண்டியது, புத்தாண்டையும் பொங்கலையும் ஒட்டி நடத்தப்படும் கோலப்போட்டிகளை. அவற்றில் வண்ணத்துக்கும் பரப்பளவுக்கும் பரிசு கிடைக்கிறது, கம்பியை எண்ணிப்பார்க்கும் நடுவரைக் காண்பது அரிது. ஆகவே போட்டிக்குத் தயாராகும் சிறுமி வண்ணப்பொடி நிரப்பக் கற்றுக்கொள்கிறாள், பாட்டியின் ஒற்றைக் கம்பி பாட்டியோடு நின்றுவிடுகிறது.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்கள் என்ற தொகுப்பின் 12 கோட்டைகளுள் ஒன்றாக, மகாராட்டிரத்துக்கு வெளியே அமைந்த ஒரே கோட்டையாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்மதிலுக்குக் காவலும் கணக்கெடுப்பும் உண்டு. அதன் அடிவாரத் தெருக்களில் விடியலில் தோன்றி உச்சிப்பொழுதுக்குள் காலடியில் அழியும் கோடுகளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

அந்தப் பதிவேட்டை வீட்டிலேயே தொடங்கலாம், அதற்குக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும். பல வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய கோல நோட்டுகளில் கோலம் மட்டுமே இருக்கும், போட்டவர் யார் என்ற குறிப்பு இருக்காது. இந்தப் புத்தாண்டில் புது நோட்டு வாங்குவோர், தை பிறப்பதற்குள் தம் தெருவின் மூத்த பெண்களிடம் கேட்டு, ஒவ்வொரு சிக்குக் கோலத்துக்கும் புள்ளிக்கணக்கு, கை தொடங்கும் இடம், கம்பிகளின் எண்ணிக்கை, அதற்கு அவர்கள் வழங்கும் பெயர், கற்றுக்கொடுத்தவரின் பெயர் ஆகிய ஐந்தையும் கோலத்தின் கீழே எழுதி வைக்க வேண்டும்.