ரெண்டு கேட் மூடினா ஒரு ஊரே ஆடுமா? கொரியாவின் குன்சான் நகரம் சொல்லும் பணப் பாடம்



"உங்க பணத்தைப் பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டா நம்மள்ல பல பேர் சொல்ற பதில் இதுதான்: "மூணு மியூச்சுவல் ஃபண்ட் இருக்கு, கொஞ்சம் தங்கம் இருக்கு, ஒரு எஃப்டி இருக்கு." நல்ல விஷயம். ஆனா உங்க சம்பளம், உங்க வீட்டோட விலை, வீட்ல இன்னொருத்தர் நடத்துற கடை, குடும்பத்தோட மெடிக்கல் இன்ஷூரன்ஸ், இது நாலும் ஒரே கம்பெனியை நம்பி நின்னா என்ன ஆகும்?

இதைப் புரிஞ்சுக்க தென் கொரியாவுல ஒரு ஊர் இருக்கு. பேரு குன்சான். சியோல், பூசான் மாதிரி பெரிய ஊர் கிடையாது. 2015 வாக்குல மக்கள்தொகை சுமார் 2.78 லட்சம். இப்போ 2.6 லட்சத்துக்கும் கீழே. ஏன் குறைஞ்சுதுன்னு பார்க்கலாம், வாங்க.

ஊர் எங்கே இருக்கு?

கொரியாவோட மேற்குக் கடற்கரையில, வடக்கு ஜொல்லா மாகாணத்துல, கும் ஆறு கடல்ல கலக்குற இடத்துல இருக்கு குன்சான். சியோலுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். முன்னாடி மஞ்சள் கடல். முதுகுப் பக்கம் ஹோனாம் சமவெளி. மலை நிறைஞ்ச கொரியாவுல இப்படி விரிஞ்ச நெல்வயல் பூமி அபூர்வம். அதனால அந்த நாட்டோட நெற்களஞ்சியம்னே இதைச் சொல்லலாம்.

1899-ல இந்தத் துறைமுகம் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறந்தது. 1910-ல ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சிக்குள்ள கொண்டுவந்த பிறகு, சமவெளியில விளைஞ்ச அரிசி இந்த வழியா ஜப்பானுக்குக் கப்பல் கப்பலா போச்சு. இங்கே கடல் மட்டம் ஒரே நாள்ல பல மீட்டர் ஏறி இறங்கும். அதனால தண்ணியோட சேர்ந்து மேலயும் கீழயும் போற மிதக்கும் பாலங்களைக் கட்டி அரிசி மூட்டையை ஏத்தினாங்க. அந்தப் பாலங்கள், பழைய சுங்கச் சாவடி, வங்கிக் கட்டடங்கள், ஜப்பானிய பாணியில கட்டின தொங்குக்சா கோயில் எல்லாம் இன்னும் நிக்குது.

அரிசி மேல கட்டின பந்தயம்

அந்தக் காலத்துலயே குன்சான்ல அரிசிக்கு முன்பேர வர்த்தகச் சந்தை இருந்துச்சு. கையில அரிசியே இல்லாம, நாளைக்கு விலை ஏறுமா இறங்குமான்னு பணம் கட்டலாம். இன்னைக்கு மொபைல்ல ஆப்ஷன் டிரேடிங் பண்றவங்களுக்கு இந்தக் கதை நல்லாவே புரியும்.

இந்த ஊர்ப் பக்கம் பிறந்த எழுத்தாளர் சே மான்-சிக், 1937-38-ல ஒரு நாவல் எழுதினார். பேரு 'தக்ரியு', அதாவது கலங்கிய நீரோட்டம். அதுல வர்ற அப்பா ஒரு முன்னாள் அரசு குமாஸ்தா. இருக்கிறதை எல்லாம் அரிசிச் சந்தையில விட்டவர், கையில காசே இல்லாம பந்தயம் கட்டி, நடுத்தெருவுல ஒரு சின்னப் பையன்கிட்ட சட்டையைப் பிடி வாங்குறார். குடும்பம் கொடுக்குற விலை அதைவிடப் பெருசு.

11 மாசத்துல ரெண்டு அடி

அரிசிக் காலம் போயி தொழிற்சாலைக் காலம் வந்துச்சு. 1990-களின் பிற்பாதியில டேவூ கார் ஆலை வந்தது. பிறகு அது ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போச்சு. செவ்ரலே க்ரூஸ், ஓர்லாண்டோ கார்கள் இங்கேதான் உருவாச்சு. 2010-ல ஹுண்டாய் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஒரு பிரமாண்டமான கப்பல் கட்டும் தளத்தைத் திறந்தது. கார், கப்பல், ரெண்டுமே கொரியாவோட பெருமை. ஊர்க்காரங்களுக்கு வேற என்ன வேணும்?

ஆனா இந்த ரெண்டு ஆலையோட தலையெழுத்தும் வேற எங்கேயோ எழுதப்பட்டுச்சு. 2013 டிசம்பர்ல, செவ்ரலே பிராண்டை ஐரோப்பாவுல இருந்து விலக்கிக்கிறதா ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. கொரியாவுல செஞ்ச கார்களுக்குப் பெரிய சந்தை அது. 2016-ல உலகம் முழுக்கக் கப்பல் ஆர்டர் சரிஞ்சது.

2017 ஜூலை: கப்பல் தளம் வேலையை நிறுத்திச்சு. ஒப்பந்தக்காரர்களோட ஆட்களையும் சேர்த்து சுமார் 5,000 பேருக்கு வேலை கொடுத்த இடம்.

2018 பிப்ரவரி 13: கார் ஆலையை மூடப் போறோம்னு அறிவிப்பு. கொரியர்களோட புத்தாண்டுப் பண்டிகைக்கு மூணே நாள் முன்னாடி. அதுக்கு முந்தின மூணு வருஷமா ஆலை தன் திறன்ல சுமார் 20 சதவீதம்தான் ஓடிச்சுன்னு கம்பெனியே சொன்னது. மே மாசக் கடைசியில கதவு மூடியாச்சு. ஆலையில நேரடியா வேலை பார்த்தவங்க மட்டும் சுமார் 2,000 பேர். உதிரிபாகம் செஞ்சு கொடுத்த சின்னக் கம்பெனிகள் தனி.

அடி எங்கெல்லாம் பரவிச்சு?

இதுதான் நாம கவனிக்க வேண்டிய இடம்.

தொழிற்பேட்டையை ஒட்டி ஓசிக்தோ-தோங்னு ஒரு பகுதி. வெளியூர்த் தொழிலாளிகள் தங்குறதுக்காகவே அங்கே வரிசையா ஒத்தை அறைக் குடியிருப்புகள் கட்டியிருந்தாங்க. "ஆலை இருக்கிற வரைக்கும் வாடகைக்குக் கவலை இல்லை"ங்கிற கணக்கு. ஆலை மூடினதும் அறைகள் காலி. அவங்களை நம்பி இருந்த சாப்பாட்டுக் கடைகளும் காலி.

கொரியாவுல 'ஜொன்சே'ன்னு ஒரு முறை இருக்கு. நம்ம ஊர் ஒத்தி மாதிரி: மாச வாடகை கிடையாது, வீட்டு விலையில பாதிக்கும் மேல கூட முன்பணமா கொடுத்துட்டு, வழக்கமா ரெண்டு வருஷம் குடியிருக்கலாம். காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வரணும். பெரும்பாலும் அடுத்து வர்றவர் கொடுக்குற பணத்துலதான் வீட்டுக்காரர் பழையவருக்குக் கொடுப்பார். வீட்டு விலை இறங்கி, அடுத்த ஆளும் வரலைன்னா? மாட்டிக்கிறது வீட்டுக்காரர் மட்டும் இல்லை, குடியிருந்தவரும்தான்.

அரசாங்கம் சும்மா இருக்கலை. 2018-ல குன்சானை நெருக்கடிப் பகுதியா அறிவிச்சு உதவி கொடுத்தாங்க. வேலையிழப்புக் காப்பீட்டுப் பணமும் உண்டு. ஆனா அப்போ இருந்த விதிப்படி அது அதிகபட்சம் 240 நாள். எட்டே மாசம்.

ஊர் என்ன செஞ்சுது?

2018 செப்டம்பர்ல நகர நிர்வாகம் 'குன்சான் சாராங்' கூப்பனைக் கொண்டுவந்துச்சு. 'சாராங்'னா அன்பு. அப்போ 10 சதவீதத் தள்ளுபடியில வாங்க முடிஞ்சுது, ஆனா குன்சான்ல உள்ள சின்னக் கடைகள்ல மட்டும்தான் செல்லும். ஊர்ப் பணம் ஊருக்குள்ளயே சுத்தணும்னு ஏற்பாடு. 2020 மார்ச்ல ஓட்டல்காரங்ககிட்ட கமிஷன் வாங்காத ஒரு டெலிவரி ஆப்பையும் நகராட்சியே ஆரம்பிச்சது.

பழைய துறைமுகத் தெருக்களைப் பார்க்கவும், 1945-ல இருந்து நடக்குற இசொங்தாங் பேக்கரியில பருப்புப் பூரணம் வச்ச பன் வாங்கவும் கூட்டம் வருது. நல்ல விஷயம்தான், ஆனா பன் வாங்க வர்ற கூட்டம் கப்பல் தளச் சம்பளத்துக்கு ஈடாகாது. கப்பல் தளம் 2022 அக்டோபர்ல திரும்பத் திறந்துச்சு. அதுவும் முழுக் கப்பல் கட்ட இல்லை, உல்சானுக்கு அனுப்புற கப்பல் பாகங்களைச் செய்ய.

பக்கத்துலயே 33.9 கிலோமீட்டர் நீளமுள்ள சேமாங்கும் கடல் தடுப்புச் சுவர் இருக்கு. 1991-ல ஆரம்பிச்ச வேலை, சுவர் முடியவே 2010 ஆச்சு. உள்ளே கடலை மேடாக்குற வேலை இன்னும் ஓடுது. "பெரிய புராஜெக்ட் வருது, இப்பவே இடம் வாங்கிப் போடுங்க"ன்னு யாராவது சொன்னா இந்தச் சுவரை நினைச்சுக்கோங்க. அரசாங்கம் காத்திருக்கும். உங்க இஎம்ஐ காத்திருக்காது.

இப்போ உங்க கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம். ஆலைச் சம்பளம் 60,000 ரூபாய். ஆலை வாசல்ல வீட்ல இருக்கறவங்க நடத்துற கடையில 20,000. வீட்டுச் செலவு 28,000, இஎம்ஐ 22,000, மொத்தம் 50,000. பேப்பர்ல ரெண்டு வருமானம். உண்மையில ஒண்ணுதான்.

ஆலை மூடினா சம்பளம் பூஜ்யம், கடை வருமானம் பாதி, அதாவது 10,000. மாசம் 40,000 துண்டு விழும். ஆறு மாசச் செலவுன்னு நீங்க சேர்த்து வச்ச 3 லட்சம், ஏழரை மாசத்துல தீர்ந்துடும். வீட்டை வித்துடலாம்னா, அதே வாரம் அதே தெருவுல பத்துப் பேர் விக்க நிப்பாங்க.

அதனால நாலு வேலை செய்யுங்க:

1. ஒரே ஆலையை நம்பின ஊர்ல இருந்தா அவசர நிதி ஆறு மாசம் போதாது, 12 மாசம் வேணும். மேல சொன்ன கணக்குல 6 லட்சம். அது 15 மாசம் தாங்கும்.

2. கம்பெனி கொடுக்குற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோட போயிடும். தனியா ஒரு பாலிசி எடுங்க.

3. சம்பளம் கொடுக்குற கம்பெனியோட ஷேரையே மொத்தமா சேர்த்து வைக்காதீங்க. அது விழுந்தா சம்பளமும் சேர்ந்து விழும்.

4. குடியிருக்க ஒரு வீடு அங்கே இருக்கட்டும். "வாடகைக்கு விடலாம்"னு ரெண்டாவது வீட்டையும் அதே ஆலை வாசல்ல வாங்காதீங்க.

குன்சான் மக்கள் சோம்பேறிகளும் இல்லை, ஊதாரிகளும் இல்லை. ஒழுங்கா வேலை பார்த்து, ஒழுங்கா லோன் கட்டினவங்க. அவங்க ஆலையோட விதி அவங்க பார்க்காத ஒரு நாட்டுல, அவங்க உட்காராத ஒரு மீட்டிங்ல முடிவாச்சு, அவ்வளவுதான்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுத்து உங்க வீட்டு வருமானம் ஒவ்வொண்ணையும் எழுதுங்க. பக்கத்துல, "எந்த கேட் மூடினா இது நிக்கும்?"னு எழுதுங்க. ஒரே பேர் ரெண்டு தடவைக்கு மேல வந்தா, அவசர நிதியில இருந்து ஆரம்பிங்க. அதை எங்கே, எப்படிப் போட்டு வைக்கலாம்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.