மலை ஏறும் ரிமோட் வண்டிக்கு எந்த மோட்டார் கண்ட்ரோலர்?

உங்கள் கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் திறந்தால் பிராசசரின் மேல் சிறிய மின்விசிறி ஒன்று சுழல்வதைக் காணலாம். அது நான்கு வயர் கொண்டதாக இருந்தால், மதர்போர்டு விநாடிக்குச் சுமார் 25,000 முறை ஆன்-ஆஃப் சிக்னல் அனுப்பி அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆன் நேரம் அதிகமானால் வேகம் அதிகம். இதற்குப் பல்ஸ் வித் மாடுலேஷன் என்று பெயர். ரேடியோ கண்ட்ரோல் வண்டியின் மோட்டார் கண்ட்ரோலரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. வண்டிக்கோ பல பத்து ஆம்பியர் தேவைப்படும்.

மேடு கேட்கும் கரண்ட்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் கொல்லிமலை. மேலே வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் போனாலும் எங்கும் ஏற்ற இறக்கம்தான். அங்கே மிளகு மூட்டையையோ பலாப்பழத்தையோ சுமக்க, மொத்தம் 40 கிலோ எடையில் ஒரு ரிமோட் வண்டி செய்வதாக வைத்துக் கொள்வோம்.

சமதளமான மண் பாதையில் நடை வேகத்தில் செல்ல, 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர்கூடச் செலவாகாது. 6 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் அதே வேகத்தில் ஏற, சுமார் 7 ஆம்பியர் வேண்டும். அதாவது நான்கு மடங்கு.

இதைவிட முக்கியமானது ஸ்டால் கரண்ட். சக்கரம் கல்லில் மாட்டி மோட்டார் சுழலாமல் நின்றால், அதன் காயிலின் மின்தடை மட்டுமே கரண்டைத் தடுக்கும். காயில் 0.3 ஓம் என்றால், 24ஐ 0.3 ஆல் வகுக்க 80 ஆம்பியர் வருகிறது. சந்தையில் கிடைக்கும் 24 வோல்ட், 250 வாட் மோட்டாரின் லேபிளில் 14 ஆம்பியர் அளவில்தான் போட்டிருக்கும். லேபிளை மட்டும் பார்த்துக் கண்ட்ரோலர் வாங்கினால் புகைதான் வரும்.

எதை வாங்கலாம்?

1. எல்298என்: பொம்மைக் காருக்கு ஏற்றது. ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான். நம் வண்டிக்கு உதவாது.

2. பிடிஎஸ்7960: '43 ஆம்பியர்' என்று விற்பார்கள். அது சிப் தன்னைக் காத்துக் கொள்ளக் கரண்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கும் அளவு. தொடர்ந்து ஓட்டும் அளவு அல்ல. இரண்டு சிப்கள் வழியாகக் கரண்ட் செல்லும் பாதையின் மின்தடை சுமார் 0.016 ஓம். 40 ஆம்பியர் ஓடினால் சுமார் 26 வாட் வெப்பம், அதாவது ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன் அளவு! அந்தச் சிறிய ஹீட் சிங்க் தாங்காது. மேலும் இது 27 வோல்ட் வரைதான். 7 செல் லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜில் 29.4 வோல்ட் காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

3. சைட்ரான் எம்டி30சி: தொடர்ந்து 30 ஆம்பியர், ஒரு விநாடிக்கு 80 ஆம்பியர். நம் கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் ரிமோட் ரிசீவரை இதில் நேரடியாக இணைக்க முடியாது. நடுவே ஆர்டுயினோ போர்டு வைத்து சிறிய புரோகிராம் எழுத வேண்டும்.

4. சேபர்டூத் 2x32: இரண்டு மோட்டார்களுக்கும் தலா 32 ஆம்பியர். ரிசீவரை நேரடியாக இணைக்கலாம். யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் செட்டிங்குகளை மாற்றலாம். விலை அதிகம்.

பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் இவை எதுவும் சரிவராது. சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் உருவாக்கிய வெஸ்க் என்ற ஓப்பன் சோர்ஸ் கண்ட்ரோலரைப் பார்க்கலாம். அதன் இலவச சாஃப்ட்வேரில் அதிகபட்ச கரண்டை நாமே குறிப்பிடலாம். விமானத்துக்கான ஸ்பீடு கண்ட்ரோலரை வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் ரிவர்ஸ் இருக்காது.

பழுதானால் என்ன ஆகும்?

பலரும் கவனிக்காத விஷயம் இதுதான். கண்ட்ரோலரில் உள்ள மாஸ்ஃபெட்டுகள் எரியும்போது பெரும்பாலும் 'ஷார்ட்' ஆகிவிடும். அப்போது பேட்டரி நேரடியாக மோட்டாரில் இணைந்தது போல் ஆகி, நீங்கள் ரிமோட்டை விட்டாலும் வண்டி முழு வேகத்தில் ஓடலாம். சரிவில், எதிரே சிறுவர்கள் நிற்கும்போது 40 கிலோ வண்டி இப்படி ஓடினால்? எனவே கீழ்க்கண்டவற்றை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள்.

• பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே வாகன ஃபியூஸ். 30 ஆம்பியரில் தொடங்கலாம்.

• கைக்கு எட்டும் இடத்தில், டி.சி. கரண்டைத் துண்டிக்கத் தகுந்த பெரிய சிவப்பு ஸ்விட்ச். வீட்டு ஏ.சி. ஸ்விட்ச் வேண்டாம், அதன் முனைகளில் தீப்பொறி அணையாமல் நிற்கும்.

• 4 சதுர மி.மீ.க்குக் குறையாத காப்பர் வயர்.

• ரிசீவரில் ஃபெயில்சேஃப் செட்டிங். சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, வண்டி ஓடும்போதே ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் நின்றால்தான் வண்டியைத் தரையில் இறக்க வேண்டும்.

• இறக்கத்துக்குக் கண்ட்ரோலரின் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். கரண்ட் போனால் அதுவும் போய்விடலாம். ஸ்பிரிங்கால் தானே பிடிக்கும் மெக்கானிக்கல் பிரேக் ஒன்று இருக்கட்டும்.

கடைக்குச் செல்லும் முன் பேட்டரியின் முழு சார்ஜ் வோல்ட், மோட்டாரின் லேபிள் ஆம்பியர், ஸ்டால் கரண்ட் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். கண்ட்ரோலரின் வோல்ட் அளவு முதல் எண்ணைவிடவும், தொடர் கரண்ட் இரண்டாம் எண்ணின் இரு மடங்குக்கும் அதிகமாக இருக்க வேண்டும். ஸ்டால் கரண்டைச் சிறிது நேரமாவது அது தாங்க வேண்டும், அல்லது தானே கட்டுப்படுத்த வேண்டும். விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.