வந்து மறையும் பழுது
அம்பாசிடர் மகிழுந்தின் உற்பத்தி 2014இல் நின்றது. தாடிக்கொம்பு போன்ற ஊர்களில் பழைய மகிழுந்தைப் பேணுவோர்க்கு நேரும் இடர் ஒன்றுண்டு: காலையில் இயங்கிய வண்டி நண்பகலில் இயங்க மறுக்கும், மாலையில் மீண்டும் இயங்கும். பேட்டரியின்மீது பழிசுமத்திப் புதியது வாங்குவர்; பழுதோ நீங்காது.

இத்தகைய பழுது பெரும்பாலும் இணைப்புகளில் உறைகிறது. முனையில் படிந்த களிம்பும் தளர்ந்த திருகாணியும் மின்தடையை உயர்த்தும். வெப்பத்தாலும் அதிர்வாலும் அத்தடை மாறிக்கொண்டே இருக்கும். தொடக்கி மோட்டார் 150 ஆம்பியர் மின்னோட்டம் பெறும்போது, 0.02 ஓம் மின்தடையே 3 வோல்ட்டை விழுங்கிவிடும். அது 12 வோல்ட்டில் கால்பங்கு. மின்னோட்டம் நின்றதும் அவ்விழப்பும் மறையும். எனவே, தொடக்கியை இயக்கும்போதே ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் மின்னழுத்தத்தை அளத்தல் வேண்டும். குறையுள்ள இணைப்பைத் தேய்த்துத் தூய்மையாக்கி முடுக்கினால் பழுது தீரும். மாற்றும் முன் அளப்பதே அறிவுடைமை.