ஈரக் காற்றில் கார் பெயிண்ட் ஏன் வெளுக்கிறது?

பாசிர் ரிஸ்ஸை ஒட்டிய லோயாங் போன்ற கடலோரத் தொழிற்பேட்டையில் பெயிண்ட் அறை வாங்குவோருக்கு, அறை எத்தனை டிகிரி சூடாகும் என்பதுதான் முதல் கேள்வி. தெளிக்கும் நேரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்பதே அதைவிட முக்கியம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 28 டிகிரிக் காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால், சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில் நீர் படியத் தொடங்கும். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. நான்கு டிகிரி இறங்குவது எளிது. அப்போது நீர் படிந்து பெயிண்ட் பால்போல் வெளுக்கும். மேல்பூச்சின் ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் நீருடன் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும், குமிழும் எழும்.

சூடாக்கினால் தீராதா? 60 டிகிரியில் அதே காற்றின் ஈரப்பதம் சுமார் 15 விழுக்காடுதான். ஆனால் அது பூசியபின் உலர்த்தும் கட்டம். அந்தச் சூட்டில் நின்று யார் தெளிப்பது? கூரையிலிருந்து தரைக்குக் காற்றை இறக்கும் அறையே சிறந்தது என்பார்கள். பெயிண்ட் துகள் காரின் மேல் திரும்பப் படியாமல் கீழே இழுக்கப்படுவதால் அது சரிதான். ஆனால் 7 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள அறையில் காற்று நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலே நொடிக்கு 8.4 கனமீட்டர் ஈரக் காற்று உள்ளே வரும். அத்தனையையும் குளிர்வித்து உலர்த்துவதற்கான மின்கட்டணம் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அடுக்குமாடித் தொழிற்கூடத்தின் மேல்தளத்தில், இறங்கும் காற்றை வெளியேற்றத் தரையில் குழி வெட்டவும் முடியாது. அங்கே, கூரையின் முன்பகுதியில் நுழைந்து பின்சுவரில் வெளியேறும் காற்றோட்டமும், மெதுவாக ஆவியாகும் தின்னரும் போதும் என்பேன். ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். எந்த அறையானாலும், தெளிப்பவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகக்கவசம் வேண்டும்.