மொரிஸ் மைனர் பொறியின் திறன் மேம்பாடும் கார்புரேட்டர் சீரமைப்பும்

பொறித் திறன் மேம்பாடு என்பது, ஒரு பழைய தானுந்தின் பொறி தொழிற்சாலையில் பெற்றிருந்த ஆற்றலை விடக் கூடுதலான ஆற்றலைத் தருமாறு அதன் உறுப்புகளை மாற்றியமைப்பது ஆகும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரை அம்மாற்றங்களுக்கு ஏற்பச் சரிசெய்வது இதன் இறுதிக் கட்டம் ஆகும். பலர் இதையே முதற்கட்டமாகக் கொள்வதனால் பொறிகள் கெடுவதுண்டு.

அலெக் இசிகோனிசு வடிவமைத்து 1948 இல் வெளிவந்த பிரித்தானியத் தானுந்தான மொரிஸ் மைனர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். அதன் திருப்பமும் சாலைப் பிடிப்பும் சிறந்தவை, பொறியோ வலுக்குறைந்தது. 1952 முதல் ஏ-வரிசைப் பொறி இதில் பொருத்தப்பட்டது. முதலில் 803 க.செ.மீ. கொள்ளளவுடன் 30 குதிரைத்திறன் தந்த அப்பொறி, 1956 இல் 948 க.செ.மீ. (37 குதிரைத்திறன்) ஆகவும், 1962 இல் 1098 க.செ.மீ. (48 குதிரைத்திறன்) ஆகவும் வளர்ந்தது. 1959 இல் வெளிவந்த மினியிலும் இப்பொறியே இருந்ததால், மேம்பாட்டிற்கான உதிரிப்பாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன.

பொறியின் மூச்சு

ஏ-வரிசைப் பொறியில் நான்கு உருளைகள் உள்ளன. ஆனால் வார்ப்பிரும்பாலான உருளைத் தலையில் உள்ளிழு வழிகள் இரண்டே. அடுத்தடுத்த இரு உருளைகள் ஒரே தொண்டையின் வழியாக மூச்சு விடுகின்றன எனலாம். வெளியேற்று வழிகள் மூன்று. நடு வழியை இரு உருளைகள் பகிர்ந்து கொள்கின்றன. எனவே நான்கு உருளைகளுக்கும் கலவை ஒரே அளவில் சென்று சேர்வதில்லை. கார்புரேட்டரை எவ்வளவு நுட்பமாகச் சரிசெய்தாலும் இக்குறை முழுமையாக நீங்காது.

திட்டமிடல்

முதலில் பொறியின் இன்றைய நிலை அறியப்பட வேண்டும். ஒவ்வொரு உருளையின் அழுத்தமும் அளவியால் அளக்கப்படுகிறது. ஓர் உருளையில் மட்டும் அழுத்தம் குறைந்திருப்பின், தேய்ந்த வளையமோ எரிந்த வால்வோ காரணமாகலாம். அதனைச் சீராக்காமல் பெரிய கார்புரேட்டர் வாங்குவது வீண் செலவு.

அடுத்தது நிறுத்துகருவி. 1098 க.செ.மீ. வண்டிகளிலும் முன்சக்கரங்களில் 8 அங்குல உருளைத் தடைகளே இருந்தன. வேகம் கூடும் வண்டிக்கு முன்சக்கர வட்டுத் தடைகள் பொருத்துவது நல்லது. இதன் பின்னரே புகைக்குழாய், உள்ளிழு குழாய், உருளைத் தலை, கேம் தண்டு என்ற வரிசையில் வேலைகள் மேற்கொள்ளப்படுகின்றன.

உருளைத் தலையைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துவது மலிவான வழி. ஆனால் விகிதம் உயர உயர, கலவை முன்கூட்டியே தானாக எரிந்து பொறி 'தட்டும்'. உயர்தரப் பெட்ரோல் தேவைப்படும். குறைந்த விகிதம் எவ்வளவு பொறுமையானது என்பதை யாழ்ப்பாணம் அறியும். 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், அங்கு மொரிஸ், ஒஸ்ரின் வண்டிகள் சில துளி பெட்ரோலால் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. சீவிய தலை கொண்ட பொறி இதற்கு இடம் கொடாது.

ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் நின்றது. ஈயம் இல்லாத நிலையில் வெளியேற்று வால்வுகளின் இருக்கைகள் தேய்வதால், தலையைக் கழற்றும்போதே கடினமாக்கப்பட்ட இருக்கைகளைப் பதிப்பது வழக்கம்.

எஸ்யூ கார்புரேட்டர்

மொரிஸ் மைனரில் இருப்பது எஸ்யூ வகைக் கார்புரேட்டர் ஆகும். காற்று விரையும்போது உண்டாகும் அழுத்தக் குறைவு, இதனுள் இருக்கும் ஒரு பிஸ்டனை மேலே தூக்குகிறது. பிஸ்டனின் அடியில் கூம்பு வடிவ ஊசி ஒன்று பெட்ரோல் துளைக்குள் தொங்குகிறது. பிஸ்டன் எழ எழ, ஊசியின் மெல்லிய பகுதி துளைக்குள் வருவதால் இடைவெளி அகன்று பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது. பிஸ்டனின் மேற்பகுதியில் ஊற்றப்படும் எண்ணெய், அது திடீரென எழுவதைத் தடுத்து, முடுக்கியை மிதிக்கும் கணத்தில் கலவையைச் சற்றுச் செறிவாக்குகிறது. இவ்வெண்ணெய் வற்றினால் வண்டி தயங்கும்.

சீரமைக்கும் முறை

வால்வு இடைவெளியும் (0.012 அங்குலம்) தீப்பொறி நேரமும் முதலில் சரிபார்க்கப்பட வேண்டும். கார்புரேட்டர் மீது சுமத்தப்படும் பழிகளில் பல உண்மையில் தீப்பொறி அமைப்புக்கு உரியவை. பின் பொறியை நன்கு சூடேற்றி, நிறுத்தோட்டத்தில் பிஸ்டனைச் சுமார் 0.8 மி.மீ. மட்டும் உயர்த்திப் பார்க்க வேண்டும். பொறியின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிவானது. பொறி அணையத் தொடங்கினால் மெலிந்தது. சற்றே கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் சரியானது. துளைக்குக் கீழுள்ள அறுகோண மரையை மேல்நோக்கித் திருகினால் கலவை மெலியும், கீழ்நோக்கித் திருகினால் செறிவாகும். ஒரு முறைக்கு ஒரு முகம் மட்டுமே திருப்ப வேண்டும்.

இம்மரை நிறுத்தோட்டக் கலவையைச் சீராக்கப் பயன்படுவது. உயர் வேகத்தில் கலவையைத் தீர்மானிப்பது ஊசியின் வடிவமே. புதிய புகைக்குழாயும் பெரிய வடிகட்டியும் பொருத்தப்பட்ட பொறி, நிறுத்தோட்டத்தில் சீராக ஓடியும், முழு வேகத்தில் மெலிந்த கலவையில் தவிக்கக்கூடும். பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் 14.7 பங்கு காற்று ஒரு பங்கு பெட்ரோலுக்குத் தேவை. உச்ச ஆற்றலுக்கு இது ஏறத்தாழ 12.5 முதல் 13 வரை இருக்க வேண்டும். முழுச் சுமையில் கலவை மிக மெலிந்தால் வெப்பம் மிகுந்து, வெளியேற்று வால்வு எரியும். பொறியின் பிஸ்டனில் துளை விழவும் கூடும். ஓட்டுநருக்கு இது முன்கூட்டியே தெரிவதில்லை. ஆகவே, உருளைமேடையில் வண்டியை ஓட்டிப் புகையின் ஆக்சிசனை அளந்து ஊசியைத் தேர்வது பாதுகாப்பானது.

2021 செப்டம்பரில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பிரித்தானியாவில் பொதுத்தரமானது. எத்தனாலில் ஆக்சிசன் உள்ளதால் அதே ஊசியில் கலவை சற்று மெலிகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் இதனால் சிதைகின்றன. முன்பு சீராக்கப்பட்ட பொறியும் எரிபொருள் மாறிய பின் மீண்டும் அளந்து பார்க்கப்பட வேண்டும்.

இரட்டைக் கார்புரேட்டர் பொருத்துவோர், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்து, சீறல் ஒலியை ஒப்பிட்டு இதனைச் செய்யலாம்.